டெலிகேட் என்பது தூது அன்று

இரண்டாம் திரையிலிருந்து முதல் திரைக்குத் தரவைத் திருப்பி அனுப்புவது எப்படி? ஐஃபோன் செயலி உருவாக்கம் கற்பிக்கப்படும் வகுப்பறைகளில் இந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் புழங்குகிறது: டெலிகேட். அந்த விடைக்கு ஐந்து படிகள். ஒரு புரோட்டோகாலை எழுது. இரண்டாம் திரையில் டெலிகேட் என்றொரு மாறியை வை. வேலை முடிந்ததும் அதன் வழியே அழை. முதல் திரையை அந்தப் புரோட்டோகாலுக்கு இணங்கச் செய். திரை மாறும்போது ‘செல்ஃப்’ என்று ஒப்படை. இந்த ஐந்தையும் வரிசை பிறழாமல் எழுதுபவர் தேர்வில் முழு மதிப்பெண் பெறுகிறார். நேர்முகத்தில் ஒப்பிப்பவர் வேலையும் பெறுகிறார். ஏன் இந்த வரிசை, எதற்காக அந்தப் புரோட்டோகால், அது இல்லாவிட்டால் எது கெடும் என்று கேட்பார் இல்லை.

ஐந்து படிகளில் ஒன்றுகூடப் பிழையன்று. அவற்றுக்கு இடப்பட்ட தலைப்புதான் பிழை. ‘தரவு கடத்தும் உத்தி’ என்ற பெயரில் டெலிகேட்டைக் கற்பிப்பது, நீதிமன்றத்தைக் காகிதம் வாங்கி வைக்கும் இடம் என்று விளக்குவதற்கு ஒப்பாகும். காகிதம் அங்கே போகிறது என்பது மெய். ஆனால் அந்த இடம் அதற்காக எழுப்பப்பட்டதன்று. இந்தப் பிழையான தலைப்பு ஒரு தலைமுறை மாணவரின் நிரல்களில் என்னென்ன விளைவித்திருக்கிறது என்பதைக் கணினியியல் துறைகள் இனியாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் வரலாறு. 1980களின் தொடக்கத்தில் பிராட் காக்ஸும் டாம் லவ்வும் உருவாக்கிய ஆப்ஜெக்டிவ்-சி மொழியை, ஸ்டீவ் ஜாப்ஸ் 1985இல் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம் தன் இயங்குதளத்துக்கு எடுத்துக்கொண்டது. நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற அந்தத் தளத்தின் வடிவமைப்பாளர்களுக்கு எதிரே நின்ற சிக்கல் இதுதான்: ஒரு சாளரம் எப்படி வரையப்படும், எப்படி நகரும் என்பதெல்லாம் எல்லாச் செயலிகளுக்கும் பொது. ஆனால் பயனர் மூடும் பொத்தானை அழுத்தும்போது உண்மையில் மூடலாமா என்பது செயலிக்குச் செயலி வேறுபடும். சேமிக்கப்படாத ஆவணம் இருக்கிறதா என்பது சாளரத்துக்குத் தெரியாது; தெரிந்திருக்கவும் கூடாது. ஒவ்வொரு செயலியும் சாளர வகுப்பை மரபுரிமையாகப் பெற்றுத் தனக்கேற்ப மாற்றி எழுதலாம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சிறு வேறுபாட்டுக்கும் ஒரு துணை வகுப்பு பிறக்கும். அதற்கு மாற்றாகவே டெலிகேட் வந்தது. சாளரம் தன் வேலையைத் தானே செய்யும். தன்னால் முடிவெடுக்க இயலாத இடத்தில் மட்டும் ‘மூடலாமா?’ என்று இன்னொரு பொருளைக் கேட்கும். 1996இல் நெக்ஸ்டை வாங்குவதாக ஆப்பிள் அறிவித்தபோது அந்த வடிவமைப்பும் ஆப்பிளுக்கு வந்தது. 2008இல் ஐஃபோனுக்கான உருவாக்கக் கருவிகள் வெளியானபோது யுஐகிட்டின் வழியே உலகெங்கும் பரவியது.

இந்த மரபின் தடயம் இன்றும் பெயர்களில் அப்படியே இருக்கிறது. டெலிகேட் செயற்கூறுகளின் பெயர்களில் மூன்று ஆங்கிலத் துணைவினைகள் திரும்பத் திரும்ப வரும்: ‘ஷுட்’, ‘வில்’, ‘டிட்’. முதலாவது அனுமதி கேட்கிறது, இரண்டாவது முன்னறிவிக்கிறது, மூன்றாவது நடந்ததைத் தெரிவிக்கிறது. உரைப்புலத்தில் எழுதத் தொடங்கலாமா, பட்டியலில் இந்த வரி தேர்வாகப் போகிறது, இந்த வரி தேர்வாகிவிட்டது என மூன்றும் மூன்று வகை உறவுகள். இந்த மூன்றில் கடைசி ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து, அதன் வழியே ஒரு சரத்தை அனுப்பிக் காட்டிவிட்டு, இதுதான் டெலிகேட் என்று சொல்கிறது இன்றைய பாடம். அனுமதி கேட்கும் பாதி மாணவருக்குத் தெரியாமலேயே போகிறது.

டெலிகேட்டைத் தமிழில் விளக்க முற்படுவோர் ‘தூதுவன்’ என்ற சொல்லை நாடுவதும் இந்தப் பிழையின் தொடர்ச்சியே. தூதுக்குத் திருக்குறளில் தனி அதிகாரமே உண்டு. பரிமேலழகர் தூதரைத் தான் வகுத்துக் கூறுவான் என்றும் கூறியது கூறுவான் என்றும் பகுத்துக் காட்டுகிறார். எவ்வகைத் தூதனாயினும் ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்பவன், செய்தியைச் சுமப்பவன். நிரலில் டெலிகேட் எங்கும் செல்வதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. கேள்விதான் அதனிடம் வருகிறது. நம்மிடையே புழங்கும் ஒரு பொருத்தமான உவமை தேவையென்றால் அதிகாரப் பத்திரத்தைச் சொல்லலாம். இன்னின்ன காரியங்களில் என் சார்பில் இவர் முடிவெடுக்கலாம் என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். எந்தக் காரியங்கள் என்ற பட்டியல்தான் புரோட்டோகால். பட்டியலில் இல்லாததை இவர் கேட்கவும் முடியாது, அவர் செய்யவும் முடியாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பொது அதிகாரத்துக்கும் சிறப்பு அதிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர், புரோட்டோகால் எழுதும்போது எவ்வளவு குறைவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதையும் உடனே உணர்வார்.

இது வெறும் சொல்லாராய்ச்சியா என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்க. கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவர் பயன்படுத்தும் செயலி. முதல் திரையில் கர்ப்பிணிகளின் பட்டியல். ஒரு பெயரைத் தொட்டால் இரண்டாம் திரை திறக்கிறது. அங்கே இரத்த அழுத்தத்தைப் பதிய வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேற்பட்டால் பட்டியலில் அந்தப் பெயர் சிவப்பாக மாறவேண்டும். அதைப் பார்த்துத்தான் யாரை மருத்துவரிடம் அனுப்புவது என்று செவிலியர் முடிவு செய்வார். பதிவைச் சேமிக்கும் பொறுப்பு முதல் திரையிடம் இருக்கிறது. ஸ்விஃப்ட் மொழியில் அந்தப் பதிவு ஒரு ‘ஸ்ட்ரக்ட்’. ஆகவே இரண்டாம் திரைக்குப் போவது அதன் நகல்தான். அங்கே திருத்துவது இங்கே தானாகத் தெரியாது. திரும்பச் சொல்ல ஒரு வழி வேண்டும். மாணவர் ஐந்து படிகளையும் எழுதுகிறார்.

எழுதியும் ஒரு பிழை நேர்கிறது, மிகப் பரவலான பிழை. இரண்டாம் திரையின் பொருளைத் தாமே ஒருமுறை உருவாக்கி அதற்கு டெலிகேட்டை ஒப்படைக்கிறார். ஆனால் பயனர் காணும் திரையை உருவாக்குவது ஸ்டோரிபோர்டு. அது வேறொரு பொருள். அதன் டெலிகேட் மாறி வெறுமையாகவே இருக்கிறது. செவிலியர் 150/100 என்று பதிந்து சேமிக்கும் பொத்தானை அழுத்துகிறார். நிரலில் டெலிகேட்டுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி நிற்கிறது. வெறுமையாக இருந்தால் ஒன்றும் செய்யாதே என்பது அதன் பொருள். எனவே ஒன்றும் நடப்பதில்லை. பிழைச்செய்தி இல்லை, செயலி முறிந்து விழவும் இல்லை. திரை அழகாக மூடுகிறது. பட்டியலில் அந்தப் பெயர் பச்சையாகவே இருக்கிறது.

தூதுவன் என்று கற்ற மாணவருக்கு இது ‘தரவு போகவில்லை’ என்னும் சிறு கோளாறு. பொறுப்பை ஒப்படைத்தல் என்று கற்றவருக்கோ இது வேறு வகைத் தவறு: முடிவெடுக்க ஆளே இல்லாத இடத்தில் முடிவு எடுக்கப்பட்டதாகத் திரை காட்டிக்கொண்டது. முன்னவர் கேள்விக்குறியை ஐயுறமாட்டார். வகுப்பில் அப்படித்தான் எழுதினார்கள். பின்னவர், சேமிக்க யாரும் இல்லையென்றால் இந்தத் திரை மூடவே கூடாது என்று எழுதுவார்; அல்லது டெலிகேட் இல்லாமல் இந்தத் திரையை உருவாக்கவே இயலாதவாறு அதன் தொடக்கியிலேயே அதைக் கேட்பார். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு கேள்விக்குறியின் தொலைவுதான். அந்தத் தொலைவில் ஒரு கர்ப்பிணியின் உடல்நிலை இருக்கிறது.

இனி, டெலிகேட் வேலை செய்யாதபோது அந்த மாணவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். காலை மதிப்பாய்வு, இரவு இரண்டு மணி. வழிகள் மூன்று தென்படுகின்றன. எங்கிருந்தும் தொடத்தக்க ஒரு சிங்கிள்டன் பொருளில் ‘நடப்பு நோயாளி’ என்று ஒரு மாறியை வைப்பது முதல் வழி. நோட்டிஃபிகேஷன் சென்டரில் கூவிவிடுவது இரண்டாவது. யூசர் டிஃபால்ட்ஸில் எழுதிவிட்டு மறுதிரையில் படித்துக்கொள்வது மூன்றாவது. மூன்றும் உடனே வேலை செய்கின்றன. மதிப்பாய்வில் ஆசிரியர் திரையைப் பார்க்கிறார், எண் தெரிகிறது, தலையசைக்கிறார்.

அந்தத் தலையசைப்பு எதற்கெல்லாம் இசைவு தருகிறது? சிங்கிள்டனில் வைத்த நோயாளியை இருபது திரைகளும் படிக்கலாம், இருபது திரைகளும் மாற்றலாம். எது மாற்றியது என்று பின்னர் எவராலும் கூற இயலாது. நோட்டிஃபிகேஷன், யார் கேட்கிறார்கள் என்றே அறியாமல் இடப்படும் கூவல். கூடவே செல்லும் அகராதியில் எந்தப் பெயரில் எந்த வகைத் தரவு இருக்கிறது என்பதைத் தொகுப்பி சரிபார்ப்பதில்லை. யூசர் டிஃபால்ட்ஸோ பயனரின் விருப்பங்களை, எழுத்தின் அளவு, திரையின் நிறம் போன்றவற்றை, நினைவில் வைக்க அமைந்தது. அது வட்டில் ஒரு கோப்பாக எழுதப்படுகிறது. சாதனத்தின் காப்புநகலிலும் சேர்கிறது. இரண்டு திரைகளுக்கு இடையே அரை நொடி வாழவேண்டிய ஒரு பெண்ணின் இரத்த அழுத்தமும் தொலைபேசி எண்ணும் இப்படி ஆண்டுக்கணக்கில் வாழத் தொடங்குகின்றன. அழிக்க வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் தோன்றுவதில்லை. ஏனெனில் சேமித்தோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. ‘கடத்தினோம்’ என்றே நினைக்கிறார்.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டும் இசைவு என்பது அச்சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. கல்லூரிகளில் இது குறித்துக் கருத்தரங்குகள் நடக்கின்றன, சட்டப் பேராசிரியர் வந்து உரையாற்றுகிறார், மாணவர் குறிப்பெடுக்கிறார். பின்பு ஆய்வகத்துக்குச் சென்று முழு நோயாளிப் பொருளையும் எல்லாத் திரைகளுக்கும் திறந்துவிடுகிறார். நோக்க வரம்பு என்பது சட்டப் புத்தகத்தில் மட்டும் வாழும் கோட்பாடு போலவும், நிரலில் அதற்கு வடிவமே இல்லை போலவும் இரு வகுப்புகளும் தனித்தனியே நடக்கின்றன. வடிவம் இருக்கிறது. ‘இரத்த அழுத்தம் பதியப்பட்டது’ என்ற ஒரே வரியுள்ள புரோட்டோகால்தான் அது. அந்தத் திரைக்கு அந்தப் பெண்ணின் முகவரி தேவையில்லை, ஆகவே கொடுக்கப்படவில்லை. சட்டம் சொல்வதைத் தொகுப்பி காவல் காக்கிறது.

கல்விப்புலத்துக்கு இது புதிய செய்தியும் அன்று. ஒரு நிரலை எப்படிப் பகுதிகளாகப் பிரிப்பது என்ற கேள்விக்கு, மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வை என்று டேவிட் பார்னாஸ் 1972இலேயே விடையளித்தார். அந்தக் கட்டுரை மென்பொருள் பொறியியல் பாடத்தில் பெயரளவில் இடம்பெறுகிறது. மூன்றாம் பருவத்தில் பார்னாஸ். ஆறாம் பருவத்தில் டெலிகேட். இரண்டும் ஒரே பொருள்தான் என்று சொல்ல யாரும் முன்வருவதில்லை. பாடத்திட்டம் எழுதுவோர் முதல் திரைக்கும் இரண்டாம் திரைக்கும் இடையே தரவு கடத்துவதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். மூன்றாம் பருவத்துக்கும் ஆறாம் பருவத்துக்கும் இடையே ஒன்றும் கடப்பதில்லை என்பதைக் கவனிப்பதில்லை.

சொற்குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. 1986இல் ஹென்றி லீபர்மன் எழுதிய ஆய்வுரையில் டெலிகேஷன் என்பது, ஒரு பொருள் தன்னால் இயலாத அழைப்பை மற்றொன்றிடம் விடுத்தாலும் ‘தான்’ என்ற அடையாளம் முதற்பொருளிடமே தங்கியிருக்கும் முறை. ஆப்பிளின் டெலிகேட் அந்தக் கண்டிப்பான பொருளில் டெலிகேஷனே அன்று. அதனால்தான் அழைக்கும் பொருள் தன்னையே முதல் அளபுருவாக அனுப்பிவைக்கிறது. சி ஷார்ப் மொழியில் டெலிகேட் என்றால் செயற்கூறைச் சுட்டும் ஒரு வகை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல செயற்கூறுகளை அதில் கோக்கலாம். ஒரே சொல், மூன்று பொருள்கள். வினாத்தாளில் ‘டெலிகேட் வரையறுக்க’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்கப்படும்போது இவற்றுள் எது கேட்கப்படுகிறது என்பது வினா எழுதியவருக்கே தெளிவாக இருக்குமா என்பது ஐயமே.

அடுத்தது ‘வீக்’ என்னும் சடங்கு. டெலிகேட் மாறியின் முன்னால் அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நினைவகம் கசியும் என்று ஓதப்படுகிறது. மாணவர் சேர்க்கிறார். புரோட்டோகாலை வகுப்புகளுக்கு மட்டும் உரியதாக வரையறுக்காததால் தொகுப்பி பிழை காட்டுகிறது. பிழை போகவேண்டும் என்பதற்காக ‘வீக்’ என்ற சொல்லையே நீக்கிவிடுகிறார். நிரல் ஓடுகிறது. கசிவும் பல சமயம் நேர்வதில்லை! ஏனெனில் இரண்டாம் திரையைப் பிடித்து வைத்திருப்பது நேவிகேஷன் கண்ட்ரோலர். முதல் திரை அதைப் பிடித்து வைக்கவில்லை. பிடிப்பு ஒருவழியாக இருக்கும்வரை வட்டம் உருவாகாது. இரண்டாம் திரை விலக்கப்பட்டதும் அது அழிகிறது. ஆசிரியர் சொன்னது பொய் என்ற முடிவுக்கு மாணவர் வருகிறார். பின்னொரு நாள் இரண்டாம் திரையை முதல் திரையின் பண்பாக வைத்துக்கொள்ளும்போது வட்டம் உருவாகிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நினைவகத்தில் நிலைக்கின்றன. காரணம் சொல்லாமல் விதி சொன்னதன் விளைவு இது. யார் யாருக்கு உடைமை, யார் யாரை வெறுமனே அறிந்தவர் என்ற கேள்வியைக் கேட்கப் பழகியவருக்கு ‘வீக்’ சடங்காகத் தோன்றாது. முடிவெடுப்பவரைக் கேட்கலாம், ஆனால் அவரைச் சிறைவைக்கும் உரிமை கிடையாது என்ற பண்பாகத் தோன்றும்.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழும். மூன்றையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

ஒன்று: க்ளோஷர் இருக்கும்போது டெலிகேட் எதற்கு? மறுப்பில் நியாயம் உண்டு. ஆப்பிளே ஒரு சான்று. பழைய எச்சரிக்கைப் பெட்டி டெலிகேட் வழியே இயங்கியது. ஒரே திரையில் இரண்டு பெட்டிகள் இருந்தால் எது அழைத்தது என்று அறிய எண்களைக் குறித்துவைக்க வேண்டியிருந்தது. 2014இல் ஐஓஎஸ் 8 வெளியானபோது அதற்கு மாற்றாக வந்த வடிவம் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி க்ளோஷரைக் கொடுத்தது, எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். ஒரு கேள்வி, ஒரு விடை, அதோடு உறவு முடிகிறது என்றால் க்ளோஷரே சிறந்தது. நீண்டு நிற்கும் உறவு, பல வகைக் கேள்விகள், இடையில் அனுமதி மறுக்கும் உரிமை ஆகியவை இருந்தால் டெலிகேட். இரத்த அழுத்தமானியோடு புளூடூத் வழியே பேசும் நிரலை எண்ணிப் பார்க்கலாம்: கருவி கண்டறியப்பட்டது, இணைந்தது, அளவு வந்தது, இணைப்பு அறுந்தது என நிகழ்வுகள் வந்துகொண்டே இருக்கும். ஆப்பிளின் புளூடூத் கட்டமைப்பு டெலிகேட்டைக் கொண்டு இயங்குவது பழமைப் பற்றினால் அன்று. ஆக, எதை எப்போது என்பதே கற்பிக்க வேண்டிய பாடம். தரவு கடத்தும் உத்தி என்ற தலைப்பின்கீழ் அந்தப் பாடத்தை நடத்தவே இயலாது. கடத்துவது மட்டுமே நோக்கமென்றால் எல்லாம் ஒன்றுதான்.

இரண்டு: 2019இல் ஸ்விஃப்ட்யுஐ வந்துவிட்டது, டெலிகேட் காலாவதியாகிவிட்டது. பாதி உண்மை. அங்கே இரண்டு திரைகள் ஒரே நிலையைப் ‘பைண்டிங்’ வழியே பகிரலாம். ஐந்து படிகளும் தேவையில்லை. ஆனால் பைண்டிங் கொடுப்பதன் பொருள் என்ன? இரண்டாம் திரை எழுதும் ஒவ்வோர் எழுத்தும் அந்தக் கணமே முதல் திரையின் உண்மையாகிறது. செவிலியர் 150 என்று எழுத முற்பட்டு 15 என்ற நிலையில் நிற்கும்போது பட்டியலிலும் 15. ரத்து செய்தாலும் பழைய எண் திரும்பாது. அதைத் தவிர்க்க வரைவு நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, ‘சேமி’ என்றதும் ஒரு முறை ஒப்படைக்க வேண்டும். அப்படி எழுதியவுடன் பழைய கேள்வி புதிய உடையில் வந்து நிற்கிறது: இந்த மாற்றத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுப்பவர் யார்? கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை. போதாக்குறைக்கு, பழைய யுஐகிட் கூறு ஒன்றை ஸ்விஃப்ட்யுஐக்குள் கொண்டுவரும் இடத்தில் ‘கோஆர்டினேட்டர்’ என்ற பெயரில் அமர்ந்திருப்பது பெரும்பாலும் டெலிகேட்டேதான்.

மூன்றாவது மறுப்பே இந்தியாவில் வலுவானது: நாட்டில் பெரும்பாலானோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு, மேக் கணினி வாங்கும் நிலையில் மாணவர் இல்லை, ஐஃபோன் செயலியின் நுணுக்கம் யாருக்கு? விலை பற்றிய பகுதி முற்றிலும் உண்மை. மேக் இல்லாத மாணவர் டெலிகேட்டை அச்சடித்த குறிப்பிலிருந்து மனப்பாடம் செய்கிறார் என்பதே ஐந்து படிகளின் செல்வாக்குக்கு ஒரு காரணம். ஆனால் 2015 டிசம்பரிலிருந்து ஸ்விஃப்ட் திறந்த மூல மொழி, லினக்ஸில் ஓடுகிறது. புரோட்டோகாலும் ‘வீக்’ சுட்டும் அழிப்பியும் அங்கேயும் அப்படியே இயங்கும். திரையே இல்லாமல், இரண்டு வகுப்புகளை எழுதி, ஒன்று மற்றொன்றிடம் பொறுப்பை ஒப்படைப்பதையும், வட்டம் உருவாவதையும், உடைவதையும் பழைய மடிக்கணினியிலேயே காட்டலாம். பொய் டெலிகேட் ஒன்றைச் செருகிச் சோதனை எழுதலாம். திரை இல்லாமல் கற்பிக்கும்போதுதான் இது திரை பற்றிய பாடம் அன்று என்பதும் விளங்கும்.

ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை, இந்தப் பாடம் அங்கே இன்னும் கூர்மையாகிறது. ஆண்ட்ராய்டில் ஓர் ஆக்டிவிட்டி மற்றோர் ஆக்டிவிட்டியைச் சுட்டிப் பிடித்து வைக்க முயல்வது தவறு; கைப்பேசியைக் கிடையாகத் திருப்பினாலே பழைய பொருள் அழிந்து புதியது பிறக்கக்கூடும். ஐந்து படிகளை ஜாவா இன்டர்ஃபேஸாக மொழிபெயர்த்து அங்கே ஒட்டும் மாணவர், இறந்த திரையிடம் பேசிக்கொண்டிருப்பார். இன்டென்ட் வழியே முழுப் படத்தையும் கடத்த முனைபவர், ஏறத்தாழ 1 எம்பி என்ற பைண்டர் வரம்பில் மோதி விழுவார். அடையாள எண்ணை மட்டும் கொடுத்து, தரவை அதன் உரிய களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள் என்பதே அங்குள்ள நல்வழக்கு. வடிவம் வேறு; கேள்வி அதே கேள்வி: எது யாருடையது, யார் எவ்வளவு அறியலாம், முடிவு யாருடையது? கேள்வியைக் கற்றவர் இரு தளங்களிலும் விடை காண்பார். விடையைக் கற்றவர் ஒன்றில் மட்டும், அதுவும் பதிப்பு மாறும்வரை மட்டும், பிழைப்பார்.

குறையெல்லாம் ஆசிரியர்மீது சுமத்துவதும் நியாயமன்று. அறுபது பேர் கொண்ட ஆய்வகத்தில் ஒருவர் நிற்கிறார். ஒவ்வொருவரின் நிரலையும் படிக்க நேரமில்லை. திரையில் எண் தெரிகிறதா என்று மட்டுமே பார்க்க முடிகிறது. திரையில் தெரிவதை மட்டும் மதிப்பிட்டால், திரைக்குப் பின்னால் நடப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க மாணவர் கற்றுக்கொள்வார். அதுவும் ஒரு பாடமே. நான்கு ஆண்டுகளும் ஒழுங்காக நடத்தப்படும் பாடம். ஆனால் அறுபது நிரல்களையும் படிக்காமலேயே மாற்றக்கூடியவை உண்டு. ‘டெலிகேட்டின் ஐந்து படிகளை எழுதுக’ என்ற வினாவை நீக்கலாம். அதன் இடத்தில் பத்து வரி நிரலைக் கொடுத்து, டெலிகேட் வெறுமையாக இருந்தால் பயனர் எதைக் காண்பார், எதை இழப்பார் என்று கேட்கலாம். ஒரு புரோட்டோகாலைக் கொடுத்து, இதில் எந்த வரி தேவைக்கு மிகுதியான தரவைக் கேட்கிறது என்று கேட்கலாம். இரண்டு திரைகளின் உறவைச் சொல்லி, டெலிகேட், க்ளோஷர், நோட்டிஃபிகேஷன் ஆகியவற்றுள் எது பொருந்தும், மற்றவை ஏன் பொருந்தா என்று கேட்கலாம். திட்டப்பணி மதிப்பாய்வில், செயலியை ஓட்டிக் காட்டச் சொல்வதற்கு முன், இந்தத் தரவு எந்தெந்தத் திரைகளுக்குத் தெரியும் என்று தாளில் வரையச் சொல்லலாம். வரைய இயலாதவரின் செயலி ஓடினாலும் மதிப்பெண் குறையட்டும்.

இவற்றுக்குப் புதிய ஆய்வகமோ புதிய நிதியோ தேவையில்லை. புதிய வினாத்தாள் போதும். பாடத்திட்டக் குழுக்கள் ஆண்டுதோறும் கூடிப் புதிய மொழிகளையும் புதிய கட்டமைப்புகளையும் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் ஒரு வரியை மட்டும் திருத்தட்டும். ‘திரைகளுக்கு இடையே தரவு கடத்துதல்’ என்ற அலகுத் தலைப்பை அடித்துவிட்டு, ‘திரைகளுக்கு இடையே பொறுப்புப் பகிர்வு’ என்று எழுதட்டும். அந்தத் தலைப்பின்கீழ் ஐந்து படிகளை மட்டும் நடத்திவிட்டு வெளியேற எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.